மங்கல் பெட்டியும் குளியலறைப் பூட்டும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அங்கே உன் முட்டிவலியும் மாமாவின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன வாரம் போனில், "லைட்டு முன்னாடி உட்கார்ந்தா வலிப்பு போகும்னு யாருடா சொன்னது?" என்று கேட்டாய். மகள் பக்கத்தில் இருந்ததால் வாயைத் திறக்க முடியவில்லை. அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துவிடு. மாமாவிடம் காட்டாதே. அவரிடம் சொன்னால் தண்டோரா போட்ட மாதிரி.

அவளுக்குப் பதினாறு வயதில் வந்த வலிப்பு இருபத்தேழு வயதாகியும் போகவில்லை என்பது உனக்குத் தெரியும். ஐந்து விதமான மாத்திரை பார்த்தாயிற்று. ஒன்று தூக்கத்தைக் கொடுத்தது, ஒன்று எடையைக் கொடுத்தது, ஒன்று தலைமுடியை எடுத்துக்கொண்டது. வலிப்பை மட்டும் எதுவும் தொடவில்லை. மாதத்துக்கு எட்டு, ஒன்பது வரும். இப்படி மாத்திரைக்கு அடங்காத வலிப்பு வெளிச்சத்துக்காவது அடங்குமா என்று ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. மாத்திரையை நிறுத்தாமல், தினமும் காலையில் இருபது நிமிடம் ஒரு விளக்குப் பெட்டியின் முன்னால் உட்கார வேண்டும். மினுக்குகிற வெளிச்சம்தான் சிலருக்கு ஆகாதாம். இது ஆடாமல் அசையாமல் எரிவது, அவளுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று முதலிலேயே சோதித்துவிட்டார்கள். பாதிப் பேருக்குப் பிரகாசமான பெட்டி, மீதிப் பேருக்கு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, பலன் எதுவும் இல்லாத மங்கலான பெட்டி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. வீட்டில் யாரும் அதைக் கருவி வைத்து அளக்க மாட்டோம் என்று என்னிடம் கையெழுத்துகூட வாங்கினார்கள்.

அக்கா, நான் முப்பத்தெட்டு வருஷம் போட்டோ ஸ்டூடியோ நடத்தியவன். வெளிச்சத்தைப் பார்த்த மாத்திரத்தில் இவ்வளவு என்று சொல்வதுதான் என் பிழைப்பு. முதல் நாள் சுவிட்சைப் போட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, எங்களுக்கு வந்தது மங்கல் பெட்டி. அளக்க மாட்டேன் என்றுதான் கையெழுத்துப் போட்டேன், பார்க்க மாட்டேன் என்று போடவில்லை. ஆனால் பார்த்ததை யாரிடம் சொல்வது? அவளோ கல்யாணப் பெண் மாதிரி தலையைச் சீவிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மனசு கேட்காமல் பரண்மேல் இருந்த ஸ்டூடியோ வெள்ளிக் குடையை இறக்கி, இருக்கிற கொஞ்ச வெளிச்சமாவது சிதறாமல் அவள் முகத்தில் விழட்டும் என்று எதிரில் பிடித்தேன். "என்னப்பா இது?" என்றாள். படம் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய்க்காகப் பழைய கேமராவையும் தோளில் மாட்டிக்கொண்டு நான்கு நாள் 'கிளிக் கிளிக்' என்று அமுக்கினேன். ஐந்தாம் நாள் ஆராய்ச்சி நர்ஸ் வந்தார்.

"ஐயா, இந்தக் குடை எதுக்கு?"

"படம் எடுக்க."

"கேமராவுல ஃபிலிமே இல்லையே."

"அதனாலதான் சரியா விழமாட்டேங்குது."

"இன்னொரு தடவை இதைப் பார்த்தேன்னா உங்க பொண்ணை ஆராய்ச்சியில இருந்து எடுத்துடுவாங்க. சொல்லிட்டேன்."

குடை பரணுக்கே போயிற்று. அதற்குப் பிறகுதான் வேடிக்கை. முதல் மாதம் ஒன்பது வந்தது. இரண்டாம் மாதம் நான்கு. மூன்றாம் மாதம் ஒன்றே ஒன்று. இன்றோடு முப்பத்தொன்பது நாளாக ஒன்றுகூட இல்லை. வீடே சிரிக்கிறது. நான் மட்டும் திருடனைப் போல முழிக்கிறேன். ஒன்றுமில்லாத வெளிச்சத்தை நம்பியே அவளுக்குக் குறைந்திருக்கிறது என்றால், அந்த நம்பிக்கை போன நாளில் என்ன ஆகும்? அதற்குள் அவள் கையில் ஒரு பூட்டுடன் வந்து நின்றாள்.

எங்கள் குளியலறைக் கதவுக்குப் பதினோரு வருஷமாகத் தாழ்ப்பாள் கிடையாது. நான்தான் கழற்றினேன். அவள் குளிக்கப் போனால் உன் தம்பி மனைவி வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை "இருக்கியா?" என்று கேட்பாள். வாயில் சோப்பு நுரை போனாலும் "இருக்கேன்" என்று பதில் வந்தாக வேண்டும்.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்பா. ஆபத்துன்னா வெளியில இருந்தும் திறக்கிற மாதிரி பூட்டுதான். மாட்டிக் குடுங்க," என்றாள்.

முதல் நாள் ஸ்க்ரூ டிரைவர் காணவில்லை என்றேன், அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் ஆணி குட்டை என்றேன். மூன்றாம் நாள் இடுப்புப் பிடிப்பு. நான்காம் நாள் கதவு ஈரத்தில் ஊதியிருக்கிறது, காயட்டும் என்றேன்.

"உங்களுக்கு நம்பிக்கை இல்லையாப்பா?"

"கதவு காயட்டும்மா."

அவள் பூட்டை அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. நீயே சொல். மாட்டிக் கொடுத்தால், ஒரு பொய்யை நம்பிக் கதவைச் சாத்திக்கொள்வாள். உண்மையைச் சொல்லி, வலிப்பு திரும்பி வந்தால், என் பிள்ளைக்கு நானே எமன். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. உன் ஆசியில் இந்தத் தடவை எனக்கு ஒரு பங்கு கூடப் போட்டு அனுப்பு.

இப்படிக்கு,
கண் நன்றாகத் தெரிவதால் அவதிப்படும் உன் தம்பி

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மைப் பக்கத்து வீட்டுக்காரர் என்று நினைத்து நான் வணக்கம் சொன்னேனாம். உன் தம்பி மனைவி நேற்றே என்னைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். "ரெண்டு கண்ணுலயும் புரை முத்திப்போச்சு. உங்களுக்கு எந்த லைட்டும் மங்கலாத்தான் தெரியும்," என்றார் டாக்டர். எந்த லைட்டுமா என்று மூன்று தடவை கேட்டேன். எந்த லைட்டும்தானாம். வீட்டுக்கு வந்து மகளிடம், அந்தப் பெட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "கண்ணு கூசுதுப்பா. ஏன், உங்களுக்குக் கூசலையா?" என்றாள்.

ஆகவே அது எந்தப் பெட்டி என்று எனக்குத் தெரியாது. ஆராய்ச்சி டாக்டருக்கும் தெரியாது. முப்பத்தெட்டு வருஷப் பெருமை அரை மணி நேரத்தில் போயிற்று. போனதற்கு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நான் நினைக்கவே இல்லை. மேலே எழுதியதில் உன் முட்டிவலியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடு. நேற்றே பூட்டையும் மாட்டிவிட்டேன். இரண்டு ஆணி கோணல். இன்று காலை அவள் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டாள். இரண்டாவது நிமிடம் உன் தம்பி மனைவி வாயைத் திறந்தாள், நான் கையைக் காட்டி அடக்கினேன். இரண்டு பேரும் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். முக்கால் மணி நேரம் குளித்தாள் அக்கா. அவள் வெளியே வந்த பிறகு எனக்கு முகம் கழுவ வேண்டியிருந்தது. தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.