வளனின் நாடியும் வெயில் வாட்சும்

"நூத்திப் பதினாறு!" என்று வளன் அலறியதில் மனைவி பிளாரன்ஸின் கையிலிருந்த செபமாலை நழுவி விழுந்தது.

"சரியாத்தான் எண்ணுனியளா?"

"ஏளா, என் நாடிய எனக்கு எண்ணத் தெரியாதா? நீ ஒழுங்கா மணி தள்ளுனியா?"

தள்ளத்தான் செய்தாள். முறை எப்போதும் ஒன்றுதான். வளனுக்குக் கண்ணில் புரை, வாட்சு முள் தெரியாது. அதனால் அவர் மணிக்கட்டில் விரல் வைத்துத் துடிப்பை எண்ணுவார். பிளாரன்ஸ் வாட்சை மடியில் வைத்துக்கொண்டு, நொடிமுள் ஒரு தடவை குதித்தால் செபமாலையில் ஒரு மணி தள்ளுவாள். சிலுவையோடு சேர்த்தால் மொத்தம் அறுபது. ஒரு சுற்று முடிந்தால் ஒரு நிமிஷம். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் வளன்தான். துறைமுகத்து இழுவைக் கப்பலில் முப்பது வருஷம் இருந்தும் கண்டுபிடிப்பதற்கு அவருக்கு அங்கே எதுவும் கிடைக்கவில்லை.

டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். "இந்த மாத்திரை துடிப்பக் குறைக்கும். காலையில ஒண்ணு போதும். நாடி அறுபதுகிட்ட இருக்கணும். ஐம்பதுக்குக் கீழ போச்சுன்னா மாத்திரைய நிறுத்திட்டு ஓடி வாங்க. நின்னுரும்."

எது நின்றுவிடும் என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியம் வரவில்லை.

மாதக்கணக்காக நாடி அறுபதை ஒட்டியே இருந்தது. ஒரே தொந்தரவு, மாத்திரையால் கைகால் சில்லிட்டது. கார்த்திகையில் மாட்டிய ஸ்வெட்டரை வளன் சித்திரையிலும் கழற்றவில்லை. ஊரே உப்பளம் மாதிரி காய்ந்துகொண்டிருக்க, அவர் ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்துவிட்டு, சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளறையிலேயே கிடந்தார். ஸ்வெட்டருக்குள் அந்த வாட்சும் கிடந்தது. மகன் ஜெரால்டு கப்பல் வேலைக்குப் போன இடத்தில் வாங்கி வந்தது. பேட்டரியே மாற்ற வேண்டாம், வெளிச்சத்திலேயே ஓடும், மாதத்துக்குப் பதினைந்து வினாடிக்கு மேல் பிசகாது என்று சொல்லியிருந்தான். அதற்குப் பிறகு வளன் கோயில் மணியைக்கூட நம்புவதில்லை.

"ஒருவேளை வாட்சுதான் கோளாறோ?" என்றாள் பிளாரன்ஸ். "முன்ன விறுவிறுன்னு போவும். இன்னைக்கு நின்னு நின்னு நொண்டுது."

"நேரம் சரியா இருக்கா இல்லையா? செல்லுல பாரு."

பார்த்தாள். இம்மி பிசகவில்லை.

"அப்போ கோளாறு உன் கண்ணுல."

நூற்றுப் பதினாறோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் படுக்க வைத்துவிடுவார்கள். எதற்கு வம்பு என்று வளனே வைத்தியரானார். அன்று ராத்திரி இன்னொரு மாத்திரை போட்டுக்கொண்டார்.

கைமேல் பலன். நாடி நூற்றுக்கு இறங்கியது. கூடவே தலைசுற்றலும் வந்தது.

"இதயம் அந்த ஓட்டம் ஓடுனா தல சுத்தாதா?" என்று விளக்கம் சொல்லி, மத்தியானத்துக்கும் ஒன்று சேர்த்தார். குளிர் இன்னும் கூடியது. ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் ஏறியது. குளியலறையில் சுவரைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தவரை பிளாரன்ஸ் தூக்கி வந்து கிடத்தினாள்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போவும், ஆஸ்பத்திரிக்கு வாங்க," என்று அழுதாள். ஜெரால்டு ஊர் திரும்ப இன்னும் மாதங்கள் இருந்தன. இந்த மனுஷனும் போய்விட்டால் வீட்டில் சண்டை போடக்கூட ஆளில்லை.

"தொண்ணூறுக்கு வந்துட்டு ஏளா. ஜெயிச்சிக்கிட்டு இருக்கும்போது எதுக்கு ஆஸ்பத்திரி?"

மறுநாள் காலை எழுபத்தாறு. வளனின் உதடு கறுத்திருந்தது. முகத்தில் மட்டும் ஒரு வெற்றிச் சிரிப்பு.

"இன்னும் ஒரே மாத்திரை," என்றார், மூச்சு வாங்க. "அறுபதுக்கு வந்துரும். தண்ணி கொண்டா."

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு ஸ்டெபி மீன்குழம்புக் கிண்ணத்தோடு வந்தாள். டவுனில் வாட்சுக் கடையில் வேலை பார்க்கிறவள். வளனின் செபமாலைக் கணக்கு தெருவுக்கே தெரியும், அவளுக்கும் தெரியும்.

"எப்படி இருக்கிய மாமா?"

"எழுபத்தாறு!" என்றார் வளன்.

பிளாரன்ஸ் வாட்சை அவள் கையில் திணித்தாள். "இதக் கொஞ்சம் பாரு தாயி. முள்ளு நொண்டுது. மாமா என் கண்ணக் குறை சொல்லுதாவ."

ஸ்டெபி கிண்ணத்தை வைத்துவிட்டு வாட்சைச் சன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். தன் செல்லையும் பார்த்தாள்.

"டைம் கரெக்டாத்தான் இருக்கு."

"கேட்டியா?" என்று மனைவியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வளன் மாத்திரையை நாக்கில் வைத்தார்.

ஸ்டெபி இன்னும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாட்சுல ஒரு குறையும் இல்ல மாமா, வெயிலே படாம சார்ஜ் எறங்கிட்டு, அதச் சொல்லத்தான் முள்ளு ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவ ரெண்டு கோடு தாண்டிக் குதிக்கு, இது அறுபது தடவ குதிக்க ரெண்டு நிமிஷம் ஆவுமே, அப்போ எழுபத்தாறுல பாதிதான உங்க நாடி?"