மிலாறில் வரும் டீசல்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் இந்த இனத்தை நீங்கள் சந்தித்தாயிற்று. அடுத்தவர் படித்ததை நமக்கு விளக்குகிறவர். தான் படித்ததை விளக்குகிறவர் வேறு. அவர் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார், விஷயம் தெரியுமல்லவா? நம்மாளுக்கு அந்தத் தொல்லை கிடையாது. மச்சானுடைய ஸ்கேன் ரிப்போர்ட், பக்கத்து வீட்டுக்காரரின் கட்டார் விசா, சந்திரனுக்குப் போன ராக்கெட், எதை எடுத்தாலும் "விஷயம் சிம்பிள்தாங்க" என்று தொடங்கி, நீங்கள் ஏற வேண்டிய தலவாக்கலை பஸ் வந்து, நின்று, ஹோர்ன் அடித்து, புறப்பட்டு, வளைவில் மறைகிற வரைக்கும் உங்கள் சட்டைப் பொத்தானை விடமாட்டார்.

எங்கள் இராமையாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்ட்வெயார் கடையில் என்னோடு வேலை செய்பவர், தோட்டத்திலும் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் உள்ள லயத்தில் எனக்கு அடுத்த காம்பிரா. ஆணி சுற்றித் தரும் பேப்பரில் ஒரு படம் போட்டு விளக்காமல் அவர் யாருக்கும் ஆணி கொடுத்ததில்லை. "தெரியாது" என்ற சொல்லை இருபது வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. மடக்கிக் கேட்டால், "அத இன்னொரு நாளைக்கி விரிவாப் பேசுவோம்" என்பார். நல்ல மனுஷன், பொய் சொல்லக் கூடாது. சாவு வீட்டில் முதல் ஆளாக நின்று பந்தல் போடுவார். போட்டுவிட்டு, அது ஏன் விழாது என்று அழுகிறவர்களுக்கு விளக்குவார்.

இந்த மனுஷனின் அக்கா மகள் தனுஜா பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யப் போனது யார் செய்த பாவமோ! தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற குச்சி, நாம் அடுப்புக்கு அள்ளிக்கொண்டு வருகிற அதே மிலாறு, அதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மிலாறைக் காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்கி, கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகளை உண்டாக்கி, அவற்றில் நிக்கலைப் பொடிப்பொடியாக ஒட்டவைக்கிறாள். வடை பொரித்துக் கழித்த எண்ணெயை ஹைட்ரஜனோடு சேர்த்து அந்தக் கரி வழியே சூடாக விட்டால், டீசல் மாதிரி ஓர் எரிபொருள் வருகிறது. போன தீபாவளிக்கு மாமாவுக்குப் புரிகிற மாதிரி அவளே சொன்னாள்.

"கரி ஒரு லயம் மாதிரி மாமா. உள்ளுக்க ஆயிரக்கணக்குல காம்பிரா. காம்பிராவுக்கு ஒரு ஆளா நிக்கல் குடியிருக்கு. எல்லாம் ஒரே எடத்துல கும்பலா நின்னா வேலை ஓடாது."

"அப்ப டீசல்?"

"டீசல் எண்ணெயிலருந்து வருது மாமா. கரி வேலை வாங்குறதோட சரி. அது டீசலா மாறாது."

இந்தக் கடைசிப் பேச்சு இராமையாவின் காதில் விழவில்லை. அவர் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டார். போய் யாரிடமாவது சொல்ல வேண்டாமா?

கோயில், சலூன், த்ரீவீல் ஸ்டாண்ட், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களம், ஓரிடம் பாக்கியில்லை. "மிலாறுக்குள்ள ஓட்டை. ஓட்டைக்குள்ள டீசல். விஷயம் சிம்பிள்தாங்க." தட்டுப்பாட்டுக் காலத்தில் பெட்ரோல், டீசல் வரிசையில் இரண்டு நாள் படுத்துக் கிடந்த சனம் நாம். நம்பமாட்டோமா? த்ரீவீல்காரன் வினோஜன் பின் சீட்டில் இரண்டு கட்டு மிலாறை ஏற்றி வைத்ததில் ஆள் ஏற இடமில்லாமல் போயிற்று.

தனுஜாவுக்குக் கடைசிப் பரிசோதனை ஒன்று பாக்கி. நாலு வருஷத்துக்கு முன்னால் ஏழாம் நம்பர் மலையில் அள்ளிய மிலாறு தீர்ந்துவிட்டது. அதே மலையின் புது மிலாறில் ஒருமுறை செய்து காட்டினால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். இந்த மாதம் அங்கே கவ்வாத்து. இதை விட்டால் இன்னும் நாலு வருஷம். ஞாயிற்றுக்கிழமை வெறும் சாக்கோடு ரயிலில் வந்திறங்கினாள். சாக்குத் தூக்க இராமையா என்னையும் இழுத்துக்கொண்டார்.

மலை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. வழக்கமாக மாதக்கணக்கில் கிடக்கிற மிலாறு, ஒரு குச்சி இல்லை. எங்கள் இரண்டு வீட்டிலும் இருந்தது வேறு மலை மிலாறு. சரி, லயத்தில் கேட்போம் என்று வீரம்மா வீட்டுக்குப் போனோம்.

"ஒரு சாக்கு போதும் அக்கா" என்றாள் தனுஜா.

வீரம்மா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒக்காரு பாப்பா. ஒனக்கு வெவரம் பத்தல. இந்தக் குச்சி இருக்கே, இதுக்குள்ள ஓட்டை ஓட்டையா இருக்கு..."

தன் நாலு வருஷப் படிப்பை வாசற்படியில் உட்கார்ந்து முழுதாகக் கேட்டாள் அந்தப் பிள்ளை. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "விஷயம் சிம்பிள்தான்" என்று முடித்த வீரம்மா, மிலாறு மட்டும் தரவில்லை. அடுத்த ஏழு வீட்டிலும் அதே கதை.

தனுஜாவின் கண் கலங்கிவிட்டது. "நாலு வருஷமும் வீணாப் போச்சி மாமா."

 இராமையா லயத்து முற்றத்தின் நடுவில் போய் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "நான் சொன்னது பிழைங்க. மிலாறுல டீசல் இல்ல. எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க."

இருபது வருஷம்! என் கையிலிருந்த சாக்கு நழுவி விழுந்துவிட்டது.

சனம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது. "பாத்தீங்களா, இப்ப மறைக்கிறாரு" என்றார் வீரம்மா. "அப்ப நெசந்தான்." ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது.

கடைசிக் காம்பிராவில் மட்டும் புகை. காளியாயி மிலாறை ஒடித்து அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார். இராமையா வாயைத் திறந்தாலே "ஒலை கொதிக்குது" என்று போய்விடுகிறவர். டீசல் சங்கதி அவருக்கு இன்றுவரை தெரியாது.

"எவ்வளவு வேணும்?"

"ஒரு சாக்கு பெரியம்மா. ஏழாம் நம்பர் மலை."

"அதுதான் இது. காஞ்சதா, பச்சையா?"

தன் ஆராய்ச்சியைப் பற்றி ஊரில் ஒருவர் உருப்படியாகக் கேட்ட முதல் கேள்வி இதுதான் என்று ஸ்டேஷனில் தனுஜா சொன்னாள். சாக்கை ஏற்றிவிட்டு, மெதுவாக இன்னொன்றும் சொன்னாள். "இன்னொரு சாக்கும் தேவைப்படலாம் மாமா. அதுவரைக்கும் யாருக்கிட்டயும் ஒண்ணும் பேசிறாதீங்க." இராமையா அம்மன் மேல் சத்தியம் செய்தார். பாவம், இப்போது ஆணியை வெறும் பேப்பரில் சுற்றித் தருகிறார். நானும்தான் தலையாட்டினேன்.

பிறகு இவ்வளவு நேரம் எங்களிடம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று என்னைக் கேட்காதீர்கள். என் கவலையெல்லாம் உங்களைப் பற்றித்தான். கரிக்குள் காம்பிரா, காம்பிராவுக்குள் நிக்கல். இப்போது உங்களுக்கும் தெரிந்துபோயிற்று. நாளைக்கே பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் டீசல் என்று ஒரு பேச்சை எடுப்பார். உங்கள் நாக்கு நமைக்கும். "விஷயம் சிம்பிள்தாங்க" என்று தொடங்குவதற்கு முன்னால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். காளியாயி வீட்டில் இனி மூன்று கட்டுத்தான் மிச்சம்.