அன்று நாம் சாப்பிட்ட கறியின் பூர்வீகம்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு (இன்னும் அப்படி அழைக்கலாமா என்று தெரியவில்லை, அடித்துத் திருத்தினால் கடிதம் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன்),

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் மகளும் சுகம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளைத் தம்பியும், வயிறு உட்பட, சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விருந்தில் நடந்ததற்கு முழுக் காரணமும் நான்தான் என்று என் மனைவி எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். ஆனால் கொஞ்சம் என் பக்கத்தையும் கேளுங்கள். முப்பத்தோரு வருடம் இறைச்சி பேக்கிங் கம்பெனியில் லேபிள் சரிபார்க்கும் பிரிவில் இருந்தவன் நான். எந்தப் பொட்டலம் வீட்டுக்கு வந்தாலும், லேபிளை அலுங்காமல் உரித்து நோட்டில் ஒட்டிவிட்டுத்தான் ஃப்ரீசரில் வைக்க விடுவேன். சிலர் தபால்தலை சேர்ப்பதில்லையா? அப்படித்தான் இதுவும். அன்று தாங்கள் சாப்பிட்டுக்கொண்டே, "கறி பஞ்சு மாதிரி இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டீர்கள். தம்பிகூட, "எங்க வீட்டுக் கறி மாதிரியே இருக்கு அத்தை" என்று இரண்டாவது தடவை போட்டுக்கொண்டார். சூப்பர்மார்க்கெட் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். விதி யாரை விட்டது, நான் போய் நோட்டை எடுத்து வந்தேன்.

பிறந்தது ஒரு நாடு, வளர்ந்தது இன்னொரு நாடு, வெட்டியது மூன்றாவது நாடு, பொட்டலம் கட்டியது இங்கே என்று நான் வாசித்ததும் தாங்கள், "ஏங்க, நான் இதுவரைக்கும் ரெண்டு ஊர் தாண்டினதில்ல, இந்த ஆடு என்னைவிட அதிகமா சுத்தியிருக்கே!" என்றீர்கள். அத்துடன் நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா இருக்காமல், இப்படி விவரமாக எழுதியிருப்பதே நல்ல கறிக்கு அடையாளம், பச்சைக் கறி என்றால் நாடு போட்டே ஆக வேண்டும், அதே கறியில் உப்பும் மசாலாவும் தடவிப் பதப்படுத்தியது என்று சொல்லிவிட்டால் பொட்டலம் கட்டிய இடத்தை மட்டும் போட்டால் போதும் என்று எங்கள் கம்பெனி விதியை எல்லாம் விளக்கப் புகுந்தேன். சம்பந்தியம்மா, "உப்பு போட்டா பொறந்த ஊரே மறந்துடுமா?" என்று கரண்டியைக் கீழே வைத்தார்கள். "நாங்க தெரிஞ்ச கடையில மட்டும்தான் வாங்குவோம். எந்த ஆடு எங்க மேஞ்சதுன்னு எங்களுக்குத் தெரியும்" என்று தாங்கள் பாதியில் கை கழுவிக்கொண்டீர்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னீர்களே, "யோசிச்சுச் சொல்றோம்" என்று, அதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் பதவி உயர்வு மனுவிலும் கம்பெனி அதையேதான் எழுதியது. ரிட்டயர் ஆகும்வரை யோசித்துக்கொண்டே இருந்தார்கள்.

மகள் என்னோடு பேசுவதில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள்: "அப்பா. உள்ளடக்கம்: பேச்சு 90%, விவேகம் மிகச் சிறிதளவு. விருந்தாளிகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்." லேபிள் விதிப்படி ஒரு குறையும் இல்லை, பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுவது எனக்குக் கேட்கிறது சம்பந்தி. அவளுக்குத் தம்பியை அவ்வளவு பிடித்திருக்கிறது. என் வாய்க்கொழுப்புக்கு அந்தப் பிள்ளைகளைத் தண்டிக்காதீர்கள். நோட்டை வேண்டுமானால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறேன். சூப்பர்மார்க்கெட் கறியைத் தங்கள் இலையில் வைத்தது தப்பு, தப்பு, தப்பு.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தம்பி நூறாண்டு நன்றாக இருக்கட்டும், முடிந்தால் என் மகளோடு.

இப்படிக்கு,
தலை குனிந்து நிற்கும்,
பெண்ணைப் பெற்றவன்

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரத்தில் என் மனைவி ஃப்ரீசரைத் துடைக்கிறேன் என்று திறந்தாள். நான் வாங்கிய பாக்கெட் மஞ்சள் தட்டோடு, பிரிக்காமல் உள்ளேயே இருக்கிறது! அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை சமைத்தது எது என்று அவளைக் கேட்டேன். அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. தாங்கள் முதல்முறை வந்தபோது சம்பந்தியம்மா ஒரு கறி பாக்கெட் கொடுத்தார்களாம், கொடுக்கிற பொருளில் விலை தெரியக் கூடாது என்று சீட்டை உரித்துவிட்டு. என் பாக்கெட்டிலும் லேபிள் இல்லை, அதிலும் இல்லை. அவள் கைக்குக் கிடைத்ததை எடுத்துச் சமைத்திருக்கிறாள். ஆக, தாங்கள் பாதியில் எழுந்தது தங்கள் வீட்டுக் கறியிலிருந்துதான். தம்பியின் நாக்கு மட்டும் சரியாகச் சொல்லியிருக்கிறது.

அந்தப் பாக்கெட்டின் கறுப்புத் தட்டைக் கழுவி என் மனைவி வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள். தட்டின் பக்கவாட்டில் லேபிளின் ஒரு மூலை உரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. சூப்பர்மார்க்கெட்டின் பெயரும், அதற்குக் கீழே ஆடு மேய்ந்த நாடுகளின் பட்டியலும் தெளிவாகத் தெரிகின்றன. நோட்டில் ஒட்டிவிட்டேன், இனி அதைப் பழைய பேப்பர்காரருக்குக் கொடுப்பதாக இல்லை. நிச்சயதார்த்தத்துக்குத் தேதி சொல்லுங்கள். அன்று பந்தியில் நான் எதையும் வாசிக்க மாட்டேன்.