வாயில் கம்பி எண்ணிய கதை

நாற்பத்தாறு வயதில் நான் கம்பி எண்ணினேன். குற்றம் எதுவும் செய்யவில்லை. என் வாய்க்குள்தான் எண்ணினேன்.

மஹலாப்யே ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். சாலையில் எல்லாரையும் வரிசையாகப் போகச் சொல்லும் என் வாயில் பற்கள் மட்டும் வரிசைக்கு வரவில்லை. மினிபஸ் கதவில் ஏறும் கூட்டம் மாதிரி ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஒருநாள் மாட்டெலும்பைக் கடித்தபோது அதில் ஒன்று உடைந்தது. பல் டாக்டர் கெனோசி அம்மா, வரிசையைச் சரிசெய்யாவிட்டால் பக்கத்துப் பல்லும் போகும், பதினெட்டு மாதம் கிளிப் போட வேண்டும் என்றார். என் மனைவி கோராட்டா உடனே சரி என்றாள். என் வாய் திறந்திருந்ததால் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை.

ஒவ்வொரு பல்லிலும் சின்னச் சின்ன உலோகத் துண்டை ஒட்டி, ஊடே கம்பியைக் கோத்தார்கள். அப்போது வலிக்கவே இல்லை. வலி நிதானமாக வீடு வரைக்கும் வந்து, பிறகுதான் ஆரம்பித்தது. மூன்று நாளைக்கு வாழைப்பழம்கூடக் கருங்கல்லாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன் என்று பெருமையடிக்கவும் வழியில்லை; கடித்தால்தானே வலி. கன்னத்தில் உரசிய இடத்தில் மெழுகை உருட்டி ஒட்டினேன். நான் "ஸ்டாப்" என்றால் "ஷ்தாப்" என்று வந்தது. ஒரு மாணவி அதை வேறெதுவோ என்று நினைத்து, வண்டியை நேராக ஆட்டுக்கூட்டத்துக்குள் விட்டாள்.

டாக்டர் ஒரு தாள் கொடுத்திருந்தார். அதில் ஒன்பது விதிகள். கடினமானதும் ஒட்டுவதும் தின்னக் கூடாது, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் துலக்க வேண்டும், கம்பி இடுக்கில் சின்ன பிரஷ் விட வேண்டும், இப்படி. சுட்ட சோளம் போயிற்று. கரும்பு போயிற்று. எலும்பு போயே போயிற்று. எனக்குப் போனது மட்டுமே அந்தத் தாளில் இருந்தது, வந்தது ஒன்றும் இல்லை. அது நியாயமாகப் படவில்லை.

எங்கள் ஓட்டுநர் பள்ளி அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. தாளை அப்படியே தட்டச்சு செய்து, கீழே மூன்று விதிகளைச் சேர்த்தேன். பத்து: நோயாளிக்குத் தினமும் இடித்த இறைச்சி கொடுக்க வேண்டும். பதினொன்று: வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் அவரிடம் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. பன்னிரண்டு: குலுங்கினால் கம்பி தளரும் என்பதால், சனிக்கிழமைகளில் வயலுக்குக் களையெடுக்கப் போகக் கூடாது.

தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். கோராட்டா நின்று முழுதும் படித்தாள். "டாக்டர் சொன்னா சரிதான்" என்றாள்.

அடுத்த மூன்று வாரம் நான் ராஜா. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான் இறைச்சியை அப்படி மணிக்கணக்கில் வேகவைத்து இடிப்பார்கள். எனக்குச் செவ்வாய்க்கிழமையும் கிடைத்தது. சனிக்கிழமை அவளும் எங்கள் மகள் வாமேயும் மண்வெட்டியோடு கிளம்ப, நான் தாடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று கையசைத்தேன்.

நாலாவது வாரம் ஒருநாள் தண்ணீர் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறக்கப் போனேன். தாளில் பதினைந்து விதிகள் இருந்தன. பதிமூன்று: பாட்டில் மூடியைப் பல்லால் திறக்கக் கூடாது. பதினான்கு: பாட்டிலுக்குள் இருக்கும் பீரும் கூடாது. பதினைந்து: துலக்குவதற்காக எப்படியும் குழாயடியில் நிற்கும் நோயாளி, அங்கே கிடக்கும் பாத்திரங்களையும் கழுவிவிட வேண்டும்.

"இந்த மூணும் டாக்டர் தாள்ல இல்லையே" என்றேன்.

"எந்த மூணுங்க, வாமே அப்பா?"

"கடைசி மூணு."

"அதுக்கு முந்தின மூணு இருந்துச்சா?"

தண்ணீர் குடிக்காமலே வந்துவிட்டேன்.

மறுநாள் கம்பியை இறுக்கும் நாள். என் மூன்றை டாக்டர் கவனிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில், அவரைக் கொண்டே கடைசி மூன்றையும் அடிக்க வைப்பது என்று தீர்மானித்து, தாளைச் சட்டைப்பையில் மடித்து எடுத்துப் போனேன். கெனோசி அம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பதிமூணும் பதினாலும் நான் சொன்னதுதான். உங்க வீட்டம்மா போன் பண்ணிக் கேட்டாங்க. பதினஞ்சு பல் சம்பந்தப்பட்டதில்ல, அதுல நான் தலையிட மாட்டேன்."

அப்படியானால் பத்து, பதினொன்று, பன்னிரண்டு பற்றி அவள் கேட்டாளா என்று மெதுவாக விசாரித்தேன்.

"நீங்க ஒட்டின மறுநாளே கேட்டாங்க. நான் எழுதலன்னேன். 'தெரியும் டாக்டர், மனுசனுக்கு வலிக்குது. வலி போற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்'னாங்க."

பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, கம்பியை இறுக்கினார்.

வீட்டுக்கு வந்து, பேனாவை எடுத்து, என் மூன்று விதிகளையும் நானே அடித்தேன். கோராட்டா பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். இறுக்கினால் மறுபடி வலிக்கும் என்று காலையிலேயே இறைச்சியை அடுப்பில் ஏற்றியிருந்தாள். இடித்து, கூழோடு என் தட்டில் வைத்தாள். அப்படி ஒரு ருசி. வழித்துச் சாப்பிட்டேன்.

பிறகு குழாயடிக்குப் போய்ப் பல் துலக்கினேன். என் தட்டு, அவள் தட்டு, வாமேயின் தட்டு, இறைச்சி வெந்த அந்தப் பெரிய பானை என்று எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்தேன். சனிக்கிழமைக்கான மண்வெட்டியை அவள் வாசலில் எடுத்து வைத்திருந்தாள். புதுக் கைப்பிடி, என் உயரத்துக்கு.