மைதானத்தைத் தப்புத் திசையில் சுற்றியது பற்றி

அடி அண்ணாமலை
17.6.1998

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் வேணு அவர்களுக்கு, உங்கள் அக்கா வீட்டுக்காரர் காசி எழுதிக்கொள்வது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே உங்கள் அக்கா ஜோதியம்மாளும், மருமகள் மதிவதனியும், சினைமாடும் சுகம். அங்கே அம்பத்தூரில் நீங்களும் குழந்தைகளும் அப்படியே இருக்க வேண்டும். நான் மட்டும்தான் சுகமில்லை. காய்ச்சல் தலைவலி ஒன்றும் கிடையாது, பயம்.

எல்லாவற்றுக்கும் காரணம் நீங்கள் அனுப்பிய பேப்பர் துண்டு. விளையாட்டு விடுதிக்குப் பிள்ளைகளை எடுக்கிறார்கள், சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் மெட்ராஸிலேயே என்று அதில் போட்டிருந்ததைப் பார்த்ததும் தாயும் மகளும் என்னைக் கேட்காமலே விண்ணப்பம் போட்டுவிட்டார்கள். போன சனிக்கிழமை டவுன் மைதானத்துக்கு வரச் சொல்லிக் கார்டு வந்தது. சரி, ஓடவிட்டுப் பார்ப்பார்கள், நூறு பிள்ளைகளில் இவளா தேறப்போகிறாள் என்று கடையைச் சாத்திவிட்டு நானே கூட்டிப்போனேன். அங்கே அருள்ராஜ் என்று ஒரு மாஸ்டர், கழுத்தில் விசிலும் கையில் ஸ்டாப்வாட்சுமாக, பெற்றவர்களை எல்லாம் நிழலில் உட்கார வைத்து ஒரு வகுப்பே எடுத்தார். உடல்தகுதி என்பது ஒரே சமாச்சாரம் இல்லையாம். வேகம் தனி, பலம் தனி, தம் பிடித்து நிற்பது தனி, உடம்பு வளைவது தனி, சட்டென்று திசை மாறுவது தனி, தடுமாறாமல் நிற்பது தனி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனையாம். மூன்று வேளையும் சாப்பிடுகிறாள், என் பெண் நன்றாக இருக்கிறாள் என்று நிம்மதியாக இருந்தவன் நான். இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தால் ஏதாவது ஒரு துண்டில் கோளாறு இல்லாமலா போகும்?

முதலில் விரலில் சாக்பீஸ் மாவைத் தடவிச் சுவரோரம் எகிறிக் குதித்துக் கோடு போடச் சொன்னார்கள். சுவரில் மண்டை மோதிவிடுமோ என்று எழுந்து ஓடினேன், ஒரு போலீஸ்காரர் உட்கார வைத்தார். அப்புறம் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு பெட்டியில் பாதத்தை முட்டுக் கொடுத்துக் கையை எவ்வளவு தூரம் கொண்டுபோக முடிகிறது என்று ஸ்கேலில் பார்த்தார்கள். இவள் கட்டைவிரலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறாள், இடுப்பு எலும்பு முறிகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்கிறது. பிறகு ஒற்றைக்காலில் கொக்கு மாதிரி நிற்கவிட்டு வாட்சைப் பார்த்தார்கள். எதற்காக ஒரு பெண்பிள்ளை வெயிலில் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும், என்ன தப்புச் செய்தாள் என்று பக்கத்தில் இருந்த கீழ்பென்னாத்தூர்க்காரரைக் கேட்டேன். அவர் பெண் அதற்குள் காலை ஊன்றிவிட்டதால் அவர் பேசும் நிலையில் இல்லை. அடுத்தது இரண்டு மரக்கட்டைகளைப் போட்டு, ஓடிப் போய் ஒன்றை எடுத்து வந்து வைத்து, மறுபடி ஓடி இன்னொன்றை எடுத்து வர வேண்டும். கடையில் ஒரு தேங்காயை எடுத்துத் தரச் சொன்னால் முனகுகிறவள், அங்கே மின்னலாகத் திரும்பித் திரும்பி ஓடினாள். எல்லாரும் கை தட்டினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

கடைசியில்தான் வந்தது வினை. மைதானத்தை இரண்டு ரவுண்டு ஓட வேண்டும், தம் இருக்கிறதா என்று பார்க்க. விசில் ஊதியதும் எல்லாப் பிள்ளைகளும் இடப்பக்கமாகத் திரும்பி ஓட ஆரம்பித்தார்கள். எதிரே மலை. பிள்ளைகள் அப்பிரதட்சிணம். மச்சான், என் கடை கிரிவலப் பாதையில் இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சம் ஜனம் ஒரே பக்கமாகப் போவதைப் பார்த்துப் பார்த்தே வயதானவன். பால் வாங்க எதிர்ப்பக்கம் போவதாக இருந்தால்கூட மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் போவேன். நேரே மாஸ்டரிடம் போனேன்.

“சார், புள்ளைங்கள அப்பிரதட்சணமா ஓட உடுறீங்களே.”

“உலகம் பூரா இப்படித்தாங்க ஓடுவாங்க. இடது கை உள்பக்கம். அதான் ரூல்.”

“மத்த ஊருல இந்த மலை இல்லீங்களே சார்.”

அவர் சிரித்தார். ஆனால் அதுவரை கவனிக்காத மற்ற தகப்பன்மார்கள் சிரிக்கவில்லை. ஒருத்தர் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. அவள் இடமாகச் சுற்றினால் நான் வலமாகச் சுற்றிவிட்டால் கணக்கு நேராகிவிடும் அல்லவா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டப் பாதையில் இறங்கிவிட்டேன். கால் சுற்று போவதற்குள் மூச்சு வாங்கியது, பாதிச் சுற்றில் கண் இருட்டியது. அப்போது எதிரே பிள்ளைகள் கூட்டமாக வருகிறார்கள், முன்னால் மதி. ஒதுங்கலாம் என்றால் கால் கேட்கவில்லை. மற்றவர்கள் கத்திக்கொண்டு சிதறினார்கள். இவள் என்னைப் பார்த்தாள், நிற்கவில்லை. ஒரு அடி விலகி, என்னைச் சுற்றிக்கொண்டு போயே போய்விட்டாள். நான் புல்லில் விழுந்தேன். மாஸ்டர் ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்து, முதலில் எனக்குத்தான் டெஸ்ட் வைத்திருக்க வேண்டும் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், செங்கம் ரோட்டில் ஆசிரமம் தாண்டியதும், “நான் நின்னுடுவேன்னு பாத்தியாப்பா?” என்று கேட்டாள். சாமி குத்தம் வந்துடக்கூடாதுன்னுதான் ஓடினேன் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இன்னும் முடிவு வரவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே எழுந்து கடைக்குள் போய்விடுகிறேன். ஆகவே மச்சான், தாய்மாமன் என்ற முறையில் நீங்கள் ஒரு வார்த்தை மறுத்து எழுத வேண்டும். பதிமூணு வயசுப் பெண்ணை வெளியூர் விடுதியில் விடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை என்று நாலு வரி போதும். நான் சொன்னால் உங்கள் அக்கா கேட்கமாட்டாள், தம்பி சொன்னால் தட்டமாட்டாள். நான் எழுதச் சொன்னதாகத் தெரிய வேண்டாம்.

மற்றபடி தங்கள் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ அண்ணாமலையாரை வேண்டும்,

காசி.

பி.கு: கவரை ஒட்டப் போகும்போது தபால் வந்துவிட்டது. மதி தேறிவிட்டாள். மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம், மறுத்து எழுத வேண்டாம். சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பக்கத்தில் நின்று, “பயமா இல்லையாப்பா?” என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை கொண்டுபோய் விட வேண்டுமாம். லீவு போட்டுவிட்டு நீங்களே வந்து கூட்டிப்போங்கள். நான் கூட்டிப்போனால் திண்டிவனத்திலேயே இறக்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பக் கூட்டி வந்துவிடுவேன்.