என் மடியில் ஏறிய சுருதி

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். தென்காசியில் தையல் கடை வைத்திருக்கிறேன். மனிதக் காதைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒன்றும் இல்லை. பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் காது எவ்வளவு பெரிய அதிசயம் என்பதை ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் முன்னால் அவமானப்பட்டுத் தெரிந்துகொண்டவன் என்ற முறையில் நான்கு வார்த்தை சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும். என் மனைவி செண்பகம் நன்றாகப் பாடுவாள். பெண் பார்க்கப் போனபோதே, "பாட்ட மட்டும் நிறுத்தச் சொல்லக் கூடாது" என்று சொல்லித்தான் சம்மதித்தாள். (நான் தலையாட்டினேன். அன்றைக்கு அவள் எதைச் சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பேன்.) ஆனால் அந்த ஒரு வருஷமும் அவள் பாட்டைக் கேட்டது அடுப்பும் நானும்தான்.

அந்தச் சமயத்தில்தான் குற்றாலத்தில் ஒரு விளக்கு பூஜையில் பாட அழைப்பு வந்தது. ஏற்பாடு செய்தவர் அரிசிக் கடை அண்ணாச்சி. "இங்கன நல்லா அமைஞ்சுட்டுன்னா, நவராத்திரி முழுக்க நம்ம கோயில்ல ஒன்னயே பாடச் சொல்லிருதேன் தாயி" என்றார். செண்பகத்துக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

தாளம் போட எதிர்வீட்டு மாரியக்கா, சுருதிக்கு ஒரு மின்சாரப் பெட்டி. அவ்வளவுதான் பக்கவாத்தியம். அந்தப் பெட்டி ஒரே நாதத்தை விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். பாடுகிறவர் அதைப் பிடித்துக்கொண்டு பாட வேண்டும். சுருதியைக் கூட்டவும் குறைக்கவும் அதில் ஒரு திருகு. சாரல் காற்றில் மேடை நனைந்து கிடந்ததால் பெட்டியைக் கீழே வைக்க முடியவில்லை. என்னைச் செண்பகத்துக்குப் பின்னால் உட்காரவைத்து, அதை என் மடியில் வைத்துவிட்டார்கள்.

"திருகத் தொட்டுராதிய" என்றாள் செண்பகம்.

"சும்மா இருக்கதுக்குமா சொல்லிக் குடுக்கணும்?" என்றேன்.

எனக்குத் தெரியாத வேலை அது ஒன்றுதான் என்பது அப்போது தெரியவில்லை. ஊசியில் கோக்க நூல் நுனியைத் திரித்துத் திரித்து, என் வலதுகையின் இரண்டு விரல்களும் சும்மா இருக்கும்போதும் உருண்டுகொண்டேதான் இருக்கும். அதிலும் மேடைக் கூச்சம் வேறு. முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் குனிந்தேன். விரல்களுக்குத் திருகு அகப்பட்டது. நூல் திரிப்பதுபோலவே, இம்மி இம்மியாக, வலப்பக்கமாகவே திருகிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சுருதி ஏறியது. மடியில் பெட்டியை வைத்திருந்த எனக்கே அது தெரியவில்லை. செண்பகத்துக்கும் தெரியவில்லை. பெட்டி ஏற ஏற அவள் காதும் ஏறி, குரலையும் கூடவே கைபிடித்து அழைத்துப் போயிருக்கிறது. மண்டபத்தில் ஒருவர் முகம்கூடச் சுளிக்கவில்லை. தலையாட்டிக்கொண்டு கேட்டார்கள்.

மூன்றாவது பாட்டில் அவள் கழுத்து நரம்பு புடைத்தது. சாரலில் தொண்டை கட்டிவிட்டது என்று மாரியக்கா வெந்நீரை நீட்டினாள். நாலாவது பாட்டின் உச்சியில் குரல் கிழிந்தது. செண்பகம் திரும்பி என் விரலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பதறிப்போய்த் திருகை ஒரே இழுப்பில் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன்.

அரைமணி நேரமாக எதுவும் தெரியாமல் இருந்த அத்தனை காதுக்கும் அது தெரிந்துவிட்டது. சுண்டல் மடித்துக்கொண்டிருந்தவர் மடிப்பதை நிறுத்தினார். ஒரு கைக்குழந்தை வீறிட்டது. ஜன்னலில் உட்கார்ந்திருந்த குரங்குகூட இறங்கிப் போய்விட்டது.

"ஏலே, பெட்டி ரிப்பேராயிட்டா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. வச்சிருக்க ஆளுதான் ரிப்பேரு" என்றாள் மாரியக்கா, மைக்கிலேயே.

செண்பகம் கண்ணை மூடினாள். ஒரு மூச்சு நேரம் பெட்டியைக் கேட்டாள். பிறகு அதே பாட்டை முதலிலிருந்து எடுத்தாள். முதல் சொல்லே பெட்டியோடு போய் ஒட்டிக்கொண்டது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. (பாதி சாரல் குளிர்தான். ஆனால் பாதிதான்.)

வீட்டுக்கு வந்ததும் திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவளோ பெட்டியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கண்ண மூடுங்க. மாறுனா சொல்லுங்க."

வெடுக்கென்று அவள் ஒரு மயிரிழை திருப்பினாலும் கண்டுபிடித்தேன். மெல்ல மெல்ல எவ்வளவோ ஏற்றியபோது, "நீ இன்னும் ஆரம்பிக்கலியா?" என்று கேட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தால் திருகு பாதி தூரம் போயிருந்தது. பிறகு அவள் கண்ணை மூடினாள். அவளுக்கும் அதே கதிதான்.

"பாத்தியளா, மெதுவா கூட்டிட்டுப் போனா இந்தக் காது எங்கன வேணாலும் வருது" என்றாள். கோபத்தை இரண்டு பேருமே மறந்துபோனோம்.

குழாயடியில் குடம் நிறைய நிறையச் சத்தம் ஏறுவதை, அடுப்படியில் இருந்தபடியே கேட்டு "குழாய அடைங்க" என்று சொல்லுகிற காது அவளுடையது. புளியங்குடி பஸ் நம்மைக் கடந்த நொடியில் ஹாரன் சத்தம் இறங்குவதும் எல்லாருக்கும் கேட்கத்தான் செய்கிறது. அப்பேர்ப்பட்ட காது, ஒரு தையற்காரனின் இரண்டு விரலுக்குப் பின்னால் வாயைத் திறக்காமல் நடந்து போயிருக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியாது. படித்தவர்கள் சொல்லட்டும். இன்றைக்கும் நினைத்தால் வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

எங்கள் மகள் செல்போன் பார்க்கிற நேரத்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினால், செண்பகம் விடமாட்டாள். "அப்பன மாரியே திருகுதா பாரு" என்பாள்.

அந்த விளக்கு பூஜைக்கு மறுநாள் காலையில் அண்ணாச்சி என் கடைக்கு வந்தார். நவராத்திரியில் செண்பகம் முதல் நாள் மட்டும் பாடட்டும், மற்ற நாளைப் பிறகு பார்க்கலாம் என்றார். பெட்டிக்கு ஒரு ஸ்டூல் போட்டுவிடுவதாகச் சொன்னார்.