ஒன்பதுக்கு ஏழரை

என் நாக்குக்கு மாதாமாதம் சம்பளம் வருகிறது. வெட்டிப்பேச்சில் சம்பாதிக்கிற நாக்கு இல்லை ஐயா, நிஜமாகவே உழைக்கிற நாக்கு. நொறுக்குத்தீனி செய்கிற கம்பெனி ஒன்றில் ருசி பார்ப்பதுதான் என் உத்தியோகம்.

வெள்ளைக் கிண்ணத்தில் சிப்ஸ் வரும். கிண்ணத்தின் மேல் மூன்று இலக்க எண் மட்டும் இருக்கும். நிறத்தைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது என்று தலைக்கு மேல் சிவப்பு விளக்கு. வரிசையாக ஆறு பேர் உட்கார்ந்திருப்போம். பக்கத்து ஆளின் மூஞ்சியைப் பார்த்து மார்க் போட்டுவிடக் கூடாது என்று நடுவே பலகைத் தடுப்பு. மெல்ல வேண்டும், துப்ப வேண்டும், வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும், ஒன்பதுக்கு இத்தனை என்று எழுதித் தர வேண்டும். அரைச் சிட்டிகை உப்பு கூடினாலும் சொல்லிவிடுவேன். மேனேஜரே என்னை "நாக்கு சார்" என்றுதான் கூப்பிடுவார்.

வீட்டில் கதை வேறு. டி.வி. ரிமோட் மகள் கையில். பீரோ சாவி மனைவி இடுப்பில். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதுகூட என் இலாகா இல்லை. எனக்கென்று மிஞ்சியிருந்த ஒரே அதிகாரம் மார்க் போடுவது. பதினாறு வருஷமாக மனைவி வைக்கிற ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்பதுக்கு இத்தனை என்று சொல்லிவிட்டுத்தான் கை கழுவுவேன். ஏழரைக்கு மேல் போனதே கிடையாது. எட்டு போட்டால் அவளுக்குத் தலைக்கனம் வந்துவிடுமே என்ற நல்லெண்ணம்தான்.

விடுமுறை விட்டால் இரண்டு பக்கத்து உறவும் எங்கள் வீட்டில்தான் கூடும். இந்த வருஷம் பத்தொன்பது பேர். என் அக்கா ஒரு வாரம் முன்னதாகவே பெட்டியோடு வந்துவிட்டாள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. ஓய்வு பள்ளிக்கூடத்துக்குத்தான், அவள் குரலுக்கு இல்லை. அவள் வந்த அன்றைக்கு நானும் மனைவியும் அக்காவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அந்தத் திருப்பணியை நான் ஆரம்பித்தேன்.

"இந்தத் தடவை அடுப்புலேர்ந்து இறக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் நான் ஒரு வாய் பார்த்துச் சொல்லிடறேன். தொழில் தெரிஞ்ச ஆள் ஒருத்தன் பார்த்தா நல்லதில்லையா?"

"எதுக்குங்க? நானே பார்க்கறதில்லை" என்றாள் மனைவி.

"எதைப் பார்க்கறதில்லை?"

"ருசிதான். சமைக்கும்போது நான் ஒரு சொட்டு வாயில வெச்சதில்லை."

எனக்குப் புரை ஏறிவிட்டது.

"கதை விடாதே! அப்புறம் உப்பு எப்படிப் போடறே?"

"பார்த்துத்தான் போடறேன்."

"எதைப் பார்த்து?"

"பார்த்துன்னா பார்த்துத்தான். இன்னொரு ரொட்டி வெக்கட்டுமா?"

கம்பெனியில் ஆறு நாக்கும் ஒரு சிவப்பு விளக்கும் சேர்ந்து செய்கிற வேலையை இவள் வாயே திறக்காமல் செய்கிறாளாம்! என் உத்தியோகத்துக்கே இழுக்கு.

"நீ திருட்டுத்தனமா ருசி பார்க்கறே. நான் கையும் களவுமாப் பிடிக்கறேன், பார்க்கறியா?"

"பிடிங்க" என்றாள், ரொட்டியை வைத்துக்கொண்டே.

அக்காவுக்குக் குஷி பிறந்துவிட்டது. "டேய் தம்பி, பந்தயம்னா சட்டதிட்டம் வேணும். விருந்து அன்னிக்கு அடுப்பு பத்த வெச்சதுலேர்ந்து பந்தி போடறவரைக்கும் அவ ஒரு தடவை நாக்குல வெச்சு நீ பார்த்துட்டா, நீ ஜெயிச்சே. பத்தொன்பது பேர் முன்னாடி ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் எழுந்து நின்னு மார்க் சொல்லு. பார்க்கலைன்னா, அத்தனை பாத்திரமும் நீ கழுவணும். அதோட இந்த வீட்டுல இனிமே மார்க்குங்கற பேச்சே எடுக்கக் கூடாது."

"இனிமேன்னா எத்தனை நாளைக்கு?"

"ஆயுசுக்கும்."

இருப்பது ஒரே அதிகாரம், அதையும் பணயம் வைப்பதா? ஆனால் ருசி பார்க்காமல் பத்தொன்பது பேருக்கு ஒருத்தி சமைத்துவிடுவாளா என்ன? சரி என்றேன்.

விடுமுறை நாள் காலையில் எட்டு மணிக்கே சமையலறை மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மடியில் நோட்டு, காதில் பென்சில். வாசல்பக்கம் அக்கா வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டு சாட்சியாக உட்கார்ந்தாள்.

நோட்டில் எழுதினேன். எட்டு இருபது: வெங்காயம் வதக்கினாள், வாயில் வைக்கவில்லை. ஒன்பது மணி: பெரிய பானையில் கோழியைப் போட்டாள், வாயில் வைக்கவில்லை. ஒன்பதரை: தக்காளியைக் கரைத்து ஊற்றினாள், விரலைக்கூட நக்கவில்லை, துணியில் துடைத்தாள்.

உப்பு ஜாடிக்குள் கை போகும். கொஞ்சம் போடுவாள். நிற்பாள். எதையோ யோசிக்கிற மாதிரி அப்படியே திரும்புவாள். "ஏங்க, சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, இந்தக் கரண்டியைக் கழுவிப் போடுங்களேன்" என்று என் கையில் கொடுப்பாள். நானும் வாங்கி ஒரு நக்கு நக்கிவிட்டுக் கழுவிப் போடுவேன். ஆபீசில் எல்லாவற்றையும் துப்பச் சொல்கிறார்கள். வீட்டில்தான் விழுங்கக் கொடுத்து வைத்திருக்கிறது. நான் குழாயை மூடுவதற்குள் அவள் கை மறுபடி உப்பு ஜாடிக்குள் போய் வந்திருக்கும். அடுத்த கரண்டி வரும்போது ருசி அப்படியே தராசில் நிறுத்த மாதிரி நிற்கும்.

பதினோரு மணிக்கு எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வாசனையில் கண்டுபிடிக்கிறாளா? கொதிக்கிற சத்தத்திலா? ஆவி போகிற திசையிலா? ஒன்றும் பிடிபடவில்லை. பதினாறு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இப்படி ஒரு மகா வித்தைக்காரியோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன், அவளுக்குப் போய் ஏழரை போட்டிருக்கிறேனே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

வெட்கம் ஒரு பக்கம், பாத்திரம் ஒரு பக்கம். பத்தொன்பது பேர் சாப்பிட்ட பாத்திரம் கண் முன்னால் மலையாகக் குவிந்தது. அப்போது பார்த்து மனைவி, "மாடிவீட்டு டெய்லரம்மாகிட்ட நாலு தட்டு வாங்கிட்டு வரேன்" என்று படியேறினாள். அக்கா வெள்ளரித் தோலைக் கொட்டப் போனாள்.

புத்தி கெட்டுப்போவதற்கு எத்தனை நேரம் வேண்டும்? உப்பு ஜாடியைத் திறந்தேன். ஒரு கைப்பிடி அள்ளி, கோழிப் பானையில் போட்டுக் கலக்கிவிட்டேன். இனி அவள் ருசி பார்த்தே ஆக வேண்டும். பார்த்தால் தோற்பாள். பார்க்காமல் பரிமாறினால், நான் எழுந்து நின்று மார்க் சொல்லவே தேவையில்லை, பத்தொன்பது பேரும் சொல்லிவிடுவார்கள்.

போட்ட உப்பு போதுமா என்று ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டேன். அப்பப்பா! கடல் தேவலாம். அந்த நிமிஷம் பார்த்து வாசலில் தட்டுகளோடு மனைவி நிற்கிறாள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? விழுங்கினேன்.

ஒரு கணம் என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்லை. புகை."

"ஓகோ" என்றாள்.

அடுத்த பத்து நிமிஷம் நடந்ததை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். தட்டுகளைக் கீழே வைத்தாள். பானையில் இருந்த சாற்றில் பாதியை மொண்டு வேறு பாத்திரத்துக்கு மாற்றினாள். பானையில் வெந்நீரை ஊற்றினாள். உப்பில்லாமல் வேகவைத்திருந்த உருளைக்கிழங்கை மசித்துக் கொட்டினாள். மாற்றி வைத்த சாற்றில் தண்ணீர் விட்டு, வெந்த பருப்பைச் சேர்த்து, பக்கத்து அடுப்பில் ஏற்றினாள். என் துரோகத்திலிருந்து புதிதாக ஒரு சூப்பே பிறந்துவிட்டது. ஒரு சொட்டு? ஊகூம், நாக்கில் படவில்லை.

"ஏங்க, இந்தக் கரண்டி."

நக்கினேன். இன்னும் கொஞ்சம் கரித்தது. கழுவினேன். திரும்பினால் அவள் பாலைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இதையும் கழுவிடுங்க."

நக்கினேன். ஆகா! கண் தானாக மூடிக்கொண்டது. திறந்தபோது அடுப்பு அணைந்திருந்தது. அக்கா திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்திருக்காவிட்டால் மனைவி காலில் விழுந்திருப்பேன்.

பந்தி போட்டோம். மாமனார் மூன்றாம் முறை கோழி கேட்டார். சாதாரணமாக என் வீட்டுத் தண்ணீரில்கூடக் குறை சொல்லும் மனிதர். பருப்புச் சூப்பை ஆளாளுக்குக் குடித்துவிட்டு, "இது என்னம்மா புதுசா இருக்கே?" என்று கேட்டார்கள். என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. நான் பந்தயத்துல தோத்துட்டேன். தோத்தது மட்டுமில்லை, கோழிப் பானையில ஒரு கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டதும் நான்தான். இந்தப் புண்ணியவதி ஒரு சொட்டு வாயில வெக்காம அதைக் கண்டுபிடிச்சு சரிபண்ணிட்டா. என் சர்வீஸ்ல இப்படி ஒருத்தரை நான் பார்த்ததில்லை. கடைசியா ஒரே ஒரு மார்க் போட்டுக்கறேன். ஒன்பதுக்கு ஒன்பது!"

எல்லோரும் கை தட்டினார்கள். மாமனார் என்னை முறைத்துக்கொண்டே தட்டினார். அக்கா மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும், போட்டவன் பாத்திரம் கழுவ வேண்டும். சாயங்காலம்வரை கழுவினேன். மனைவி பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கினாள். என்ன இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. ராத்திரி தூக்கம் வராது. வாசனையிலயா? சத்தத்துலயா?"

"எதுங்க?"

"உப்பு!"

"அதான் அன்னிக்கே சொன்னேனே. பார்த்துத்தான்."

"எதைம்மா பார்த்து?"

"உங்க மூஞ்சியை."

கையிலிருந்த கரண்டி தொட்டிக்குள் விழுந்தது.

"உப்பு அதிகம்னா இடது புருவம் ஏறும். கம்மின்னா ரெண்டு புருவமும் இறங்கும். புளிப்பு கூடினா மூக்கு நுனி ஆடும். காரம்னா காது சிவக்கும். கண்ணை மூடினீங்கன்னா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம், அடுப்பை அணைச்சிடுவேன். இன்னிக்கு நான் தட்டோட வந்தப்ப இடது புருவம் தலைமுடிக்குள்ளயே போயிடுச்சு. பயந்தே போயிட்டேன்."

"எத்தனை வருஷமா?"

"கல்யாணமான மூணாம் மாசத்துலேர்ந்து. நானா ருசி பார்த்துச் சமைச்சப்பல்லாம் ஆறு மார்க் போட்டீங்க. உங்க மூஞ்சியைப் பார்க்க ஆரம்பிச்சப்புறம் ஏழரை."

கம்பெனி சம்பளம் கொடுக்கிற நாக்கு! பதினாறு வருஷமாகச் சமையலறையில் ஓசியில் ஓவர்டைம் பார்த்திருக்கிறது.

"அப்ப நான் வாயால ஏழரைன்னு சொன்னப்பல்லாம்..."

"மூஞ்சி ஒன்பதுன்னு சொல்லிடும்ங்க. அது போதும் எனக்கு."

"ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

"சொன்னா நீங்க உஷாராயிடுவீங்களே. பந்தயத்துல வேற தோத்துட்டீங்க, பாவம், கேட்டதுக்குச் சொல்லாம இருக்கக் கூடாதுன்னுதான்."

பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "எனக்கு அவ போன வருஷமே சொல்லிட்டாடா. மூக்கு நுனி ஆடறதை நானே பார்த்திருக்கேன்."

ஆபீசில் அத்தனை வருஷம் பலகைத் தடுப்புக்கு நடுவே உட்கார்ந்தவன், வீட்டில் தடுப்பில்லாமல் உட்கார்ந்தேனே! அதுதான் நான் செய்த தப்பு. சபதம் எடுத்தேன். மார்க் போகட்டும், அதிகாரம் போகட்டும், என் மூஞ்சி இனிமேல் எனக்குச் சொந்தம். இவள் எப்படிச் சமைக்கிறாள் பார்த்துவிடலாம்.

மறுநாள் காலை மேஜையில் செய்தித்தாளை விரித்து நெற்றியிலிருந்து நெஞ்சுவரை மறைத்துக்கொண்டேன். புருவம், மூக்கு, காது, கண் எதுவும் வெளியே தெரியாது. தாளுக்குப் பின்னாலிருந்து சூப்பை ஒரு ஸ்பூன் வாயில் விட்டேன். மேஜைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

உப்பு ஜாடி மெல்ல என் பக்கம் நகர்ந்து வந்தது.

"இன்னும் ஒரு சிட்டிகை போட்டுக்குங்க. கால் கட்டைவிரல் மடங்கியிருக்கு."

குனிந்து பார்த்தேன். மடங்கித்தான் இருந்தது.